உண்டாயா என்றோம், உறங்கினாயா என்றோமா?

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே செல்லும் நெடுஞ்சாலையை அறியாதார் நம் தோழர்களில் எவருமிலர். மாநாடுகளுக்கு நம்மை அழைத்துச் சென்ற சாலை அது. தேர்தல் நாட்களில் இரவென்றும் பகலென்றும் பாராமல் நாம் மிதித்த சாலை அது. அந்தச் சாலை 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் ஆளரவமற்றுக் கிடந்தது. பேருந்து இல்லை. கடைத்தெருவில் கூட்டம் இல்லை. பள்ளிகளின் மணியோசையோ, அதற்குச் சில நாட்கள் முன்பே அடங்கிவிட்டிருந்தது.

சில கிழமைகள் கழிந்தன. அதே சாலையில் ஓர் ஊர்வலம் வரக் கண்டோம். கொடியில்லாத ஊர்வலம், முழக்கமில்லாத ஊர்வலம். சென்னைக் கோயம்பேட்டுச் சந்தையில் மூட்டை சுமந்தவர்களும், காய் தரம் பிரித்தவர்களும், வண்டியில் சரக்கு ஏற்றியவர்களும், கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு சொந்த ஊர் திரும்பிய ஊர்வலம் அது. மே 5ஆம் நாள் அந்தச் சந்தை மூடப்பட்டது. அங்கே பரவிய கொரோனாத் தொற்று, அங்கே உழைத்தவர்களுடனேயே விழுப்புரம், கடலூர், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்கு வந்து சேர்ந்தது.

வந்தவர்களை ஊர் எப்படி வரவேற்றது? ‘கோயம்பேட்டிலிருந்து வந்தவன்’ என்பது புதியதொரு சாதிப் பெயர் போலாயிற்று. தெருமுனையில் தடுப்பு, வீட்டுக் கதவில் அறிவிப்பு, அண்டை வீட்டார் பார்வையில் வெறுப்பு. நகரத்துக்குக் காய்கறி ஊட்டிய கை, சொந்த ஊரில் தீண்டத்தகாத கையாயிற்று. தொற்றைத் தடுக்கத் தனிமை தேவைப்பட்டது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், உடலை விலக்கி வைப்பது வேறு. மனிதனை விலக்கி வைப்பது வேறு. தீண்டாமையை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் மேடையேறிப் பேசிய நாமும் அந்த வேறுபாட்டை ஊருக்கு எடுத்துச் சொல்லத் தவறினோமே, அது வெட்கமன்றோ?

தோழர்களே, அப்படி ஒதுக்கப்பட்ட வீட்டுக்குள் ஒரு சிறுவன் இருந்தான். பெயர் வேண்டாம், அவன் உங்கள் தெருவிலும் இருக்கிறான். ஐந்தாம் வகுப்பு மாணவன். வேலையிழந்து வந்த தந்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தாயின் காதுத் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. கடன் கொடுத்தவர் வாசலில் நின்று பேசியதை அவன் கேட்டான். இரவில் பெற்றோர் அடங்கிய குரலில் சண்டையிட்டதையும் கேட்டான். முன்பெல்லாம் வீட்டில் துன்பம் என்றால் அவனுக்குப் பள்ளி இருந்தது, ஆசிரியர் இருந்தார், விளையாட்டுத் திடல் இருந்தது, பகலுணவுப் பந்தியில் பக்கத்தில் உட்காரும் தோழன் இருந்தான். இப்போது எதுவும் இல்லை. நான்கு சுவரும் நாள் முழுதும் அச்சமும்தான் இருந்தன.

நாம் அந்த வீட்டுக்குப் போனோமா? போனோம். அரிசி கொடுத்தோம், காய்கறி கொடுத்தோம், முகக்கவசம் கொடுத்தோம், கபசுரக் குடிநீர் கொடுத்தோம். கொடுத்ததைப் படமும் எடுத்துக்கொண்டோம். “சாப்பிட்டாயா தம்பி?” என்று கேட்டோம். அது நல்ல கேள்வி. பசித்தவன் வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால், “தூங்கினாயா தம்பி?” என்று நம்மில் எவர் கேட்டோம்? அந்தத் தந்தையின் தோளில் கை வைத்து, “அண்ணே, மனம் எப்படி இருக்கிறது?” என்று எவர் கேட்டோம்? வயிற்றின் பசியைக் கண்ட நாம், மனத்தின் காயத்தைக் காணத் தவறினோம். இதைப் பிறர்மீது சாட்டும் குற்றமாக எழுதவில்லை. நம்மையும் சேர்த்தே எழுதுகிறோம்.

“நோய்தான் போய்விட்டதே, இன்று ஏன் இந்தப் பழங்கதை?” என்று கேட்பார் உண்டு. உலக நல நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் கொரோனா நெருக்கடிநிலை முடிந்தது என்று அறிவித்தது உண்மை. அந்த அறிவிப்பு சிறுவனின் மனத்தையும் எட்டிற்றா? கணக்குப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளி, 2021 நவம்பர் முதல் நாள்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்டவை 19 மாதங்கள். ஐந்தாம் வகுப்பில் வீட்டுக்குப் போனவன், ஏழாம் வகுப்பில் பள்ளிக்கு வந்தான். அதே பிள்ளை 2025இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு உட்கார்ந்தான். விட்டுப்போன பாடம் அவன் நெஞ்சில் பாரமாக இருந்தது; வீட்டில் கண்ட துயரம் அதற்கடியில் பெரும் பாரமாக இருந்தது. அவன் கவனம் சிதறினால் ‘சோம்பேறி’ என்கிறோம். சினந்தால் ‘திமிர்’ என்கிறோம். பேசாதிருந்தால் ‘நல்ல பிள்ளை’ என்று மகிழ்கிறோம். மூன்றுமே ஒரே காயத்தின் மூன்று முகங்களாக இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தோமா?

“மனநோயெல்லாம் மாளிகைவாசிகளின் நோய், உழைப்பவனுக்கு அதற்கு ஏது நேரம்?” என்று ஏளனம் பேசுவாரும் உண்டு. மாளிகையில் இருந்தவனுக்கு ஊரடங்கு ஓய்வு. அன்றாடக் கூலிக்கு அதுவே அடுப்படங்கு. எவன் மனம் அதிகம் நொந்திருக்கும்? கொரோனாவின் முதலாண்டில் மட்டும் மனச்சோர்வும் பதற்ற நோயும் உலகெங்கும் நூற்றுக்கு 25 பங்கு பெருகின என்று உலக நல நிறுவனமே கூறிற்று. 2020 ஏப்ரலில் ஏறத்தாழ 150 கோடி மாணவர்கள் பள்ளியும் கல்லூரியும் இழந்து நின்றார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. இது மாளிகையின் கதையா? மண்குடிசையின் கதையும் இதில் அடங்கியதன்றோ?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. மனம் கலங்கியவனைக் கண்டால் ‘பேய் பிடித்தது’ என்று கூறும் கூட்டம். மருத்துவரிடம் போக வேண்டியவனை மந்திரவாதியிடம் இழுத்துச் செல்லும் கூட்டம். அந்த மடமை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாடு அறியும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். எரிந்தது கொட்டகை மட்டுமன்று. நம் நாகரிகமும் அன்று எரிந்தது. அந்தச் சங்கிலி இன்றும் அறுபடவில்லை. இரும்புச் சங்கிலி போய், வெட்கம் என்னும் சங்கிலி வந்திருக்கிறது. “வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வருமா?” என்ற அச்சம், மருந்து கிடைக்கும் வாசலை மறித்து நிற்கிறது. 2015-16இல் பெங்களூரு நிமான்சு நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, மனநலம் குன்றியோரில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் உரிய மருத்துவம் பெறவில்லை என்று கண்டது. கொரோனா வருமுன்பே நிலைமை அது!

செய்யத்தக்கது ஒன்றுமில்லையா? உண்டு. சான்றும் நம் மண்ணிலேயே உண்டு. 2021 அக்டோபர் 27ஆம் நாள், மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதலில் எடுத்துக்கொண்ட 12 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், அவர்கள் வாழும் தெருவிலேயே பாடம். கற்பித்தவர்கள் அதே ஊரின் தன்னார்வலர்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். திங்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை 1,000 ரூபாய்.

அத்திட்டத்தின் நோக்கம் விட்டுப்போன பாடத்தை மீட்பது. ஆனால், திண்ணையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தபோது, பாடத்தோடு வேறொன்றும் திரும்பி வந்தது. பக்கத்தில் ஒரு தோழன், எதிரில் பெயர் சொல்லி அழைக்கும் ஓர் அக்கா, “நேற்று ஏன் வரவில்லை?” என்ற ஒரு கேள்வி. ‘நான் வராவிட்டால் ஒருவருக்குத் தெரியும்’ என்ற எண்ணம் இருக்கிறதே, அது ஒரு பிள்ளைக்கு மருந்துக்கு ஒப்பானது. அண்டை நாடாம் கேரளமும் அதை உணர்ந்தது. 2020இலேயே, ‘தனியாக இல்லை, உடன் இருக்கிறோம்’ என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டம் வகுத்து, தனிமைப்படுத்தப்பட்டோரைத் தொலைபேசியில் அழைத்து மனத்தைத் தேற்றிற்று. மலையாளத்தில் சொன்னால் என்ன, தமிழில் சொன்னால் என்ன? மனிதனுக்கு வேண்டிய சொல் அதுதான்.

ஆகவே, தோழர்களே, உங்களிடம் நாம் கேட்பவை இவை.

ஒன்று: பூட்டிக் கிடக்கும் படிப்பகங்களைத் திறவுங்கள். நாளிதழ் கிடந்த மேசையில் மாலை வேளையில் மாணவர் உட்காரட்டும். பாடம் சொல்ல ஊரில் படித்த இளைஞர் உண்டு. திண்டிவனத்துக் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியிலும், விழுப்புரத்து அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியிலும் பயிலும் நம் தம்பிகளும் தங்கைகளும், வாரத்தில் இரு மாலைப் பொழுதுகளை இளையோருக்கு அளிக்கட்டும். அங்கே கட்சிப் பேச்சு வேண்டாம். கனிந்த பேச்சு போதும்.

இரண்டு: வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லத் தெரிந்தவர்கள் நாம். அதே கால்களால், கொரோனாவில் தாயையோ தந்தையையோ பறிகொடுத்த பிள்ளைகளின் வீடுகளுக்குச் செல்லுங்கள். இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைக்கு 5 இலட்சம் ரூபாய் வைப்புநிதி, ஒருவரை இழந்த பிள்ளைக்கு 3 இலட்சம் ரூபாய் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. அது கைக்கு வந்ததா என்று கேளுங்கள். பணம் வந்திருந்தாலும், “நீ எப்படி இருக்கிறாய்?” என்றும் கேளுங்கள். வைப்புநிதி வங்கியில் வளரும். பிள்ளை வீட்டில் வாடக் கூடாது.

மூன்று: வழி தெரியாதவர்க்கு வழி காட்டுங்கள். 14416 என்ற எண்ணை அழைத்தால், கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை கிடைக்கும். 104 என்ற எண்ணும் உண்டு. துன்புறும் சிறார்க்கு 1098 உண்டு. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. இந்த எண்களை நம் சுவரெழுத்துகளில் எழுதுங்கள். தலைவர் பெயர் சற்றுச் சிறிதானாலும் தவறில்லை. வாழ்வு வேண்டாம் என்று எவரேனும் ஒரு சொல் சொன்னால், அதை விளையாட்டென்று தள்ளாதீர், தனியே விடாதீர், உடன் அமர்ந்து, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மனவழுத்தம் கொண்டவராகவே கருத வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கூறுகிறது. சட்டம் அவ்வளவு கனிவு காட்டும்போது, ஊர் மட்டும் கடுமை காட்டலாமா?

நான்கு: ஆட்சியில் எவர் இருப்பினும் அவரிடம் கேளுங்கள். ஒவ்வோர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கும் உளவியல் ஆலோசகர் ஒருவர் வேண்டும். வட்ட மருத்துவமனைதோறும் மனநல மருத்துவர் வேண்டும். மனநல மருத்துவம் பெறுவது உரிமை என்று அதே சட்டம் சொல்கிறது. உரிமையைக் கேட்பது இரத்தலன்று. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தவறியவர்கள் அதே ஆண்டில் மீண்டும் எழுதத் துணைத்தேர்வு வந்ததே, ‘ஓராண்டு பாழ்’ என்ற பேரச்சத்தை அது நீக்கவில்லையா? அரசாணை ஒன்று ஆயிரம் இல்லங்களில் அச்சம் தீர்க்கக்கூடும் என்பதற்கு அதுவே சான்று.

பெற்றோராக இருக்கும் தோழர்களுக்குத் தனியே ஒரு சொல். மேடையில் ஒரு மணி நேரம் முழங்கும் நாம், வீட்டில் மகன் பேசுவதைப் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்டதுண்டா? மகளின் மதிப்பெண்ணைக் கேட்குமுன் அவள் முகத்தைப் பார்த்ததுண்டா? இரவுணவின்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். அறிவுரை பிறகு சொல்லலாம். நாமும் சோர்ந்திருந்தால், சோர்வைச் சொல்வதில் இழுக்கில்லை. தந்தை தன் துன்பத்தைச் சொல்லக் கேட்ட பிள்ளை, தன் துன்பத்தையும் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

அந்த நெடுஞ்சாலையில் இன்று மீண்டும் பேருந்துகள் ஓடுகின்றன. பள்ளி மணியும் ஒலிக்கிறது. எல்லாம் பழையபடி ஆயிற்று என்று நம்பிவிட எளிது. ஆனால், அன்று சுவரோரம் ஒடுங்கியிருந்த சிறுவன், இன்று மீசை அரும்பிய இளைஞனாய் உங்கள் தெருமுனையில் நிற்கிறான். நம்மிடம் அவன் எதையும் கேட்கவில்லை. நாம்தான் அவனைக் கேட்க வேண்டும். ஐந்தாண்டுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். இன்று மாலையே செல்லுங்கள் தோழர்களே. கையில் துண்டறிக்கை வேண்டாம். உடன் படமெடுப்பவர் வேண்டாம். “தம்பி, நன்றாகத் தூங்குகிறாயா?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவன் விடை சொல்லும்வரை காத்திருங்கள்.