'ரிப்பேர் ஆகாது' என்றால் காரணம் எழுதுங்கள்

போன மாதம் எங்கள் வீட்டு ஏர் ஃப்ரையர் திடீரென்று நின்றுவிட்டது. லைட்டும் எரியவில்லை. ஆம்பூரிலிருந்து வேலூர் சர்வீஸ் சென்டருக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பையன் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ரிப்பேர் ஆகாது சார், எக்ஸ்சேஞ்சில புதுசு வாங்கிக்குங்க" என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டான்.

நான் காலமெல்லாம் குமாஸ்தாவாக இருந்தவன். 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினால் அடுத்த வரியில் காரணம் எழுத வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு திரும்பி வரும். இங்கே காரணம் கேட்டால் முறைக்கிறார்கள்.

ஆம்பூர் பஜாரில் எங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் பாய் ஒருவர் இருக்கிறார். முதலில் பிளக், ஒயர், பிறகு கூடையைத் தள்ளினால் அழுந்தும் சின்ன சுவிட்ச் என்று வரிசையாக மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில் காயிலுக்குப் பக்கத்தில் இருந்த தெர்மல் ஃப்யூஸ். அரிசி மணியைவிடச் சற்றுப் பெரியது. சூடு அளவு மீறினால் அறுந்துவிடும், மறுபடி தானாகச் சேராது. விலை முப்பது ரூபாய்.

"டைரக்ட் பண்ணிடலாமா பாய்?" என்று அறியாமல் கேட்டுவிட்டேன். "தீப்பிடிச்சா யார் பொறுப்பு சார்?" என்றார். ஃப்யூஸ் ஏன் போனது என்று தேடி, ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்ததைக் காட்டினார். காற்று போகாமல் சூடு தங்கியிருக்கிறது. பிசுக்கைத் துடைத்து, அதே டிகிரி அச்சிட்ட ஃப்யூஸைப் போட்டார். பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே அது போய்விடுமாம். கிளிப் வைத்து நசுக்கித்தான் இணைத்தார்.

கம்பெனிகள் பாதுகாப்பைக் காரணம் சொல்கின்றன. பாதுகாப்பில் அக்கறை இருந்தால் சரியான ஃப்யூஸைக் கடையில் விற்கட்டும். பாகம் கிடைக்காததால்தான் ஜனங்கள் ஒயரை நேராக முறுக்கிவிடுகிறார்கள்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால் இன்றும் அந்த ஊர்ச் செய்திகளைப் படிக்கிறேன். பிரான்சில் 2021 ஜனவரியில், மொபைல், டிவி, வாஷிங் மெஷின் போன்ற சில பொருள்களை விற்கும்போது, ரிப்பேர் செய்வது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் இணையதளம் தகவல் சொல்லும், பாகம் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்தாது. அதற்குச் சட்டம் வேண்டும்.

ஆம்பூர் ஷூ தைக்கும் ஊர். இங்கே அடி தேய்ந்த ஷூவை யாரும் குப்பையில் போடச் சொல்வதில்லை, வேறு அடி வைத்துத் தைக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மெஷினை மட்டும் முப்பது ரூபாய்க்காக ஏன் எறிய வேண்டும்?

அடுத்த முறை யாராவது 'ரிப்பேர் ஆகாது' என்றால், எந்தப் பாகம், ஏன் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரும்வரை கவுண்டரை விட்டு நகராதீர்கள்.