கடைசிப் பெஞ்சுப் பையன்

எந்தப் பள்ளிக்கூடத்திலும் கடைசிப் பெஞ்சில் ஒரு பையன் இருப்பான். உபாத்தியாயர் கேள்வி கேட்டால் பக்கத்துப் பையனின் முகத்தைப் பார்ப்பான். எட்டாம் பக்கத்தை எடுக்கச் சொன்னால் ஏழாம் பக்கத்தை எடுப்பான். "காது என்ன செவிடா?" என்று உபாத்தியாயர் அதட்டுவார். அவர் கேட்பது சரியான கேள்விதான். பதிலுக்காகக் காத்திருப்பதில்லை என்பதே நமது குறை.

வீட்டிலும் இதே கதை. "பட்சணம் என்றால் கேட்கிறது, பாடம் என்றால் கேட்கவில்லை" என்று தாயார் அலுத்துக்கொள்கிறாள். ஒரு நாள் கேட்பதும் ஒரு நாள் கேட்காததும் பாசாங்கு என்று நினைக்க வேண்டாம். ஜலதோஷத்திற்குப் பின் செவிப்பறையின் உட்புறம் நீர் கோத்துக்கொண்டால் செவி இப்படித்தான் ஏறி இறங்கும். பெரும்பாலும் வலி இராது; வெளியே ஒன்றும் தெரியாது. வேறு சில குழந்தைகளுக்கு உச்ச ஸ்தாயியிலுள்ள 'ச', 'ஸ' முதலிய ஒலிகள் மட்டும் நழுவிவிடும். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்கள். சொன்னது இன்னதென்று விளங்காது. பிறந்தது முதல் இவ்விதமே கேட்டு வந்த குழந்தையிடம் "உனக்குக் காது கேட்கிறதா?" என்று விசாரித்தால், கேட்கிறது என்றுதான் சொல்லும். உலகம் எல்லோருக்கும் அப்படியே ஒலிக்கிறது என்பது அதன் எண்ணம்.

ஆகையால் கருவி வேண்டும். அமெரிக்காவில் 1920-களிலேயே கிராமபோனுடன் பல செவிக் குழல்களை இணைத்து, ஒரே சமயத்தில் 40 குழந்தைகள் வரை பரிசோதித்தார்கள். இசைத்தட்டில் ஒரு குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே வரவரத் தேய்ந்து போகும். குழந்தைகள் காதில் விழுந்ததை எழுத வேண்டும். பௌலர், பிளெச்சர் என்ற இருவர் 1926-ல் அந்நாட்டில் 30 லட்சம் பள்ளிக் குழந்தைகளுக்குச் செவிக்குறை உண்டென்று மதிப்பிட்டு எழுதினார்கள். இன்றைய ஆடியோமீட்டரைக் கையில் தூக்கிச் செல்லலாம். ஒவ்வொரு காதிலும் 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஸ்வரங்களை 20 அல்லது 25 டெசிபெல் அளவில் ஒலிக்கச் செய்து, குழந்தை கையைத் தூக்குகிறதா என்று பார்ப்பது சில நிமிஷ வேலை.

நம் நாட்டில் 2013-ல் 'ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்திய காரியக்கிரமம்' தொடங்கியது. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு காதைச் சோதித்துவிடலாம்!) சர்க்கார் பள்ளிகளுக்கு வருஷம் ஒரு முறை வைத்தியக் குழு வர வேண்டும் என்பது ஏற்பாடு, அவர்கள் பார்க்க வேண்டிய குறைகளில் செவிக்குறையும் உண்டு. மிகவும் நல்லது. ஆனால் பிள்ளைகள் கூச்சலிடும் தாழ்வாரத்தில் மேஜையைப் போட்டுக் காதைச் சோதிப்பதில் என்ன பிரயோஜனம்? அமைதியான ஓர் அறை, சரிபார்த்த கருவி, தேறாத குழந்தைக்குச் சில வாரம் கழித்து மறுபரிசோதனை ஆகியவற்றைப் பெற்றோர்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். தேறாத குழந்தையெல்லாம் செவிடு அல்ல. குறும்பி அடைத்திருந்தால் வைத்தியர் எடுத்துவிடுவார். நிரந்தரமான குறையென்றால் செவிக்கருவியும் முதல் பெஞ்சும் வேண்டும்.

குழு வரும்வரை வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். குழந்தையின் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, அதன் ஒரு காதை விரலால் மூடி, மூன்று எண்களை இரகசியம் பேசுவதுபோல் சொல்லுங்கள். பிறகு மற்றக் காது. திருப்பிச் சொல்லத் தடுமாறினால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். பாட்டி காய்ச்சி வைத்திருக்கும் எண்ணெயை மட்டும் காதில் விட வேண்டாம். செவிப்பறையில் ஓட்டையிருந்தால் அது உள்ளே இறங்கி உபத்திரவம் செய்யும்.