ஏக்கர் கணக்கில் வாழ்க்கை இல்லை

கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் ‘வாழ்க்கை விளையாட்டு’ என்று ஒரு வகை இருக்கிறது. சுடுவது, வெட்டுவது எதுவும் கிடையாது. ஒரு மனிதரை உருவாக்கி, வீடு கட்டிக் குடிவைத்து, சமைக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைக்கலாம். பேரப்பிள்ளைகள் உள்ள வீடுகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, பிறகு என் கையாலும் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்த ஆட்டக்காரர்களிடையே பத்து வருஷத்துக்கு மேலாக ஓயாத வழக்கு ஒன்று உண்டு. விளையாட்டுக்குள் இருக்கும் ஊர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதுதான் அது. எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று ஒரு பெரிய கூட்டம் சொல்கிறது. விற்கிற கம்பெனிகளும் அதையே பாடுகின்றன. அந்தக் கணக்கே தப்பு என்பது என் கட்சி.

வழக்கின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1985இல் ‘லிட்டில் கம்ப்யூட்டர் பீப்பிள்’ என்று ஒன்று வந்தது. மூன்று மாடி வீடு, ஒரு மனிதர், ஒரு நாய். அவ்வளவுதான் உலகம். அவர் பியானோ வாசிப்பார், கடிதம் எழுதுவார், கவனிக்காமல் விட்டால் நோயில் படுப்பார். 2000 பிப்ரவரியில் வில் ரைட் என்ற அமெரிக்கரின் ‘தி சிம்ஸ்’ வந்தது. அதிலும் ஒரு வீடும் மனையும்தான். அதை வைத்துக்கொண்டே, இரண்டே வருஷத்தில், அதுவரை வந்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் அதிகம் விற்றது என்று பெயரெடுத்தது. இடம் போதவில்லை என்று அதை யாரும் ஒதுக்கவில்லை.

2009இல் மூன்றாவது சிம்ஸ் வந்தபோது ஊர் முழுவதும் திறந்துவிடப்பட்டது. வீட்டை விட்டுக் கிளம்பி, எங்கும் நிற்காமல் ஊரின் மறுகோடி வரை போகலாம். 2014இல் நான்காவது வந்தபோது அது மறுபடி மூடப்பட்டது. எதிர்வீட்டுக்குப் போக வேண்டுமென்றாலும் திரை மாறும் வரை காத்திருக்க வேண்டும். ‘எங்கள் ஊரைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்று அன்று கிளம்பிய கூக்குரல் இன்னும் அடங்கவில்லை.

அந்தப் பெரிய ஊரை நானும் சுற்றிப் பார்த்தேன். நூலகம், பூங்கா, உடற்பயிற்சிக்கூடம் போன்ற சிலவற்றுக்குள் நுழையலாம். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மளிகைக்கடை, போலீஸ் ஸ்டேஷன், நகரசபை எல்லாம் வெளிச்சுவர் மட்டும்தான். நம் ஆள் வாசலில் நுழைந்ததும் மறைந்துவிடுவார், வேலை முடிந்ததும் வெளியே வருவார். உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க முடியாது. ஆட்டக்காரர்களே இவற்றுக்கு ‘முயல் வளை’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள் நடப்பதையும் பள்ளிக்கூடத்தில் பிள்ளை படிப்பதையும் பார்க்க முடியாத ஊரைப் பெரிய ஊர் என்றால் நான் எப்படி ஒத்துக்கொள்வேன்?

ஆனால் அந்த ஊரில் ஒரு நல்ல விஷயம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நாம் கண் வைக்காத அண்டைவீட்டுக்காரர்களும் தங்கள் பாட்டுக்கு வாழ்ந்தார்கள். வேலைக்குப் போனார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், வீடு மாறிப் போனார்கள். கொஞ்ச நாள் கழித்துத் தெருவில் பார்த்தால் நமக்குத் தெரியாமல் அவர்களுக்கு ஒரு கதை நடந்திருக்கும். ஆட்டக்காரர்கள் உண்மையில் இழந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். நான்காவது சிம்ஸில் இதை ஒழுங்காகக் கொண்டுவர 2021, 2022 வரை ஆயிற்று. அதைவிடக் கொடுமை, 2014இல் வெளியானபோது அதில் தளர்நடைக் குழந்தையே கிடையாது. தொட்டிலில் கிடந்த பிள்ளை நேரே பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக எழுந்து நிற்கும். அந்தப் பருவத்தைச் சேர்த்தது 2017 ஜனவரியில். வாழ்க்கையின் ஒரு பருவமே காணாமல் போனதைவிடத் தெரு நீளம் குறைந்தது எப்படிப் பெரிய குறையாகும்?

அளவை முன்னால் நிறுத்துவதில் வியாபாரமும் இருக்கிறது. நான்காவது சிம்ஸின் அடிப்படை விளையாட்டு 2022 அக்டோபரிலிருந்து இலவசம். புது ஊர் வேண்டுமென்றால் தனிப் பொதியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஊருக்கு வெளியே மனை பிரித்து, கலர் கொடி நட்டு விற்பவர்களை நமக்குத் தெரியாதா? இடம் வேண்டும், இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தால் இடத்தைத்தான் விற்பார்கள்.

2025 மார்ச்சில் கொரியாவிலிருந்து ‘இன்சோய்’ வந்தது. திறந்த நகரம், கார் ஓட்டலாம், கண்ணைப் பறிக்கும் படம். முழுதாக முடிக்காமலே வெளியிட்டார்கள், அதையும் சேர்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். ஆனாலும் ஆடிய பலர், அழகு இருக்கிறது, உயிர் போதவில்லை என்றார்கள். எனக்கு வியப்பில்லை.

எதிர்க்கட்சிக்கு நான் காட்டும் சாட்சி ஜப்பானின் ‘அனிமல் கிராசிங்’. 2001இல் தொடங்கியது. அதை உருவாக்கிய கட்சுயா எகுச்சி, சிபாவிலிருந்து வேலைக்காகக் கியோட்டோ வந்து, குடும்பத்தையும் நண்பர்களையும் பிரிந்து தவித்ததிலிருந்து பிறந்த எண்ணம் அது என்று சொல்லியிருக்கிறார். 2020இல் வந்த அதன் புதிய பதிப்பில் இருப்பது ஒரு குட்டித் தீவு. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சில நிமிஷத்தில் நடந்துவிடலாம். அங்கே குடியிருக்கும் பிராணிகள் அதிகம் போனால் பத்து. நம் வீட்டுக் கடிகாரம் காட்டும் நேரம்தான் அங்கேயும் நேரம். ஒரு மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்தால் களை முளைத்திருக்கும், அண்டை வீட்டுப் பிராணி இத்தனை நாள் எங்கே போனாய் என்று கேட்கும். நாலு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஸவியே தெ மெஸ்த்ர் நினைவிருக்கும். துவந்த யுத்தம் செய்த குற்றத்துக்காகத் தூரின் நகரில் 42 நாள் ஓர் அறைக்குள் அடைபட்டவர். தன் கட்டிலையும் நாற்காலியையும் சுவர்ப் படங்களையும் சுற்றி வந்ததையே பயண நூலாக எழுதினார். இருநூறு வருஷம் தாண்டியும் படிக்கிறார்கள்.

விளையாட்டுச் சமாச்சாரத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. நம் வயசுக்காரர்களைப் பார்த்து, ‘அவருக்கு என்ன, வீடு, திண்ணை, தெருமுனைக் கடை, அதோடு உலகம் முடிந்துபோச்சு’ என்கிறார்கள். நடக்கிற தூரத்தை வைத்து வாழ்க்கையை அளக்கும் அதே பழக்கம்தான் இது. சின்னப் பிள்ளைகளுக்கு விளையாட்டிலேயே அந்த அளவுகோலைக் கையில் கொடுத்தால், நாளைக்கு நம்மையும் அதை வைத்துத்தான் அளப்பார்கள். பட்டாவைப் பார்த்தால் பரப்பளவு தெரியும். அந்த வீட்டுக்கு யார் வந்து போகிறார்கள் என்று தெரியாது.

ஆகவே, அடுத்த விளையாட்டு வாங்கித் தரச் சொல்லிப் பேரப்பிள்ளைகள் வந்து, தாத்தா, இதில் ஊர் ரொம்பப் பெரிசு என்றால், மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை வீட்டுக் கதவு திறக்கும்? நீ பார்க்காதபோது அங்கே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? நாலு நாள் நீ போகாவிட்டால் யாராவது தேடுவார்களா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் தாராளமாகக் காசு கொடுங்கள். ஊர் சின்னதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.