"கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார்" என்பவர்க்கு ஒரு கேள்வி

தியானப் பகுதி: லூக்கா 19:1-10



"கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார், பழையதை ஏன் கிளறுகிறீர்கள்?" இந்தப் பேச்சு நம் நடுவில் பெருகிவிட்டது. சீட்டுப் பணத்தைத் திருப்பித் தராதவர் இப்படிச் சொல்லுகிறார். ஒரே மனையை இருவருக்கு விற்றவரும் சொல்லுகிறார். மனைவியை அடித்தவர் ஞாயிறு காலையில் கண்ணீரோடு ஜெபித்துவிட்டு, அன்று மாலையே அவள் அதை மறந்துவிட வேண்டும் என்கிறார். ஊரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு வரை எந்தச் சபையும் இதற்கு விலக்கன்று.

இவர்கள் கையில் எடுப்பது சங்கீதம் 51:4. தாவீது தேவனுக்கு விரோதமாகவே பாவஞ்செய்ததாக அறிக்கையிடுகிறானே, மனிதரிடம் நமக்கு என்ன கணக்கு என்கிறார்கள். எல்லாப் பாவமும் முடிவில் தேவனையே எதிர்க்கிறது என்பதே அவ்வசனத்தின் பொருள். உரியாவின் இரத்தம் கணக்கில் இல்லை என்பதன்று. 2 சாமுவேல் 12ஐ வாசியுங்கள். தாவீதின் பாவம் நீங்கியதாக அறிவித்த அதே நாத்தான்தான், பட்டயம் அவன் வீட்டைவிட்டு விலகாது என்றும் அறிவித்தான்.

லேவியராகமம் 6இன்படி, பிறனை ஏமாற்றியவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனிடம் கொடுக்க வேண்டும். பலி மட்டும் போதாது. சகேயுவோ நான்கு மடங்கு தர முன்வந்தான். அவன் மன்னிப்பை விலைகொடுத்து வாங்கவில்லை. இயேசு அவன் வீட்டில் தங்குவேன் என்றது முன்பு, அவன் கணக்குத் தீர்த்தது பின்பு. கிருபை இலவசம். ஆனால் கிருபை நுழைந்த வீட்டில் அநியாயமாய்ச் சேர்த்த பொருள் தங்காது.

"அப்படியானால், பாதிக்கப்பட்டவர் மன்னிக்க வேண்டாமா?" என்பீர்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸும், பிலிப், திமோத்தேயு என்னும் இரு சிறுவரும் வாகனத்துக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலையாளிகளை மன்னித்தார். பாரிபடாவிலேயே தங்கித் தொழுநோயாளருக்கான ஊழியத்தைத் தொடர்ந்தார். ஆயினும் வழக்கு நின்றுவிடவில்லை. முதன்மைக் குற்றவாளிக்கு 2003இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் அது ஆயுள் தண்டனையாயிற்று. 2011இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. மேலும், அந்த மன்னிப்பு அவர் மனமுவந்து ஈந்தது. கொன்றவன் அதை உரிமையாய்க் கேட்டிருந்தால் நம் காது அதைத் தாங்குமா? அதையே நாம் நம் வீடுகளில் கேட்கிறோம்.

போதகர்களாகிய நாங்களும் குற்றவாளிகளே. அநீதி செய்தவனை அனுப்பிக் கணக்குத் தீர்க்கச் சொல்லாமல், அழுதவளை அழைத்து "மன்னித்துவிடம்மா" என்று அவசரப்படுத்தினோம். சமாதானம் என்று அதற்குப் பெயரிட்டோம்.

அடுத்த திருவிருந்துக்கு முன்பாக, மத்தேயு 5:23-24ஐக் கைக்கொள்ளுங்கள். காணிக்கையை வைத்துவிட்டுப் போங்கள். அந்த வாசலைத் தட்டுங்கள். முழுத்தொகை இல்லையேல் முதல் தவணையோடு போங்கள். அடித்தவரோ, மன்னிப்பைக் கேளுங்கள், கட்டளையிடாதிருங்கள். காயப்பட்டவர்களே, உங்களுக்குக் காலம் தேவைப்படுவது பாவமன்று.

ஜெபம்: ஆண்டவரே, உமது மன்னிப்பைக் கேடயமாக்கிப் பிறன் முகத்துக்கு மறைந்த எங்களை வெளியே கொண்டுவாரும். ஆமென்.