ஸ்கேன் நார்மல்... ஆளு?

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு"ன்னு நம்ம பக்கம் சொல்லுவாங்க. எனக்குத் தலைப்பாகையும் இல்ல, ஹெல்மெட்டும் இல்ல. (ஹெல்மெட் இருந்துச்சு. பெட்ரோல் டேங்க் மேல இருந்துச்சு. 2015-லயே ஐகோர்ட் கட்டாயம்னு சொல்லியாச்சுங்கிறது எனக்கும் தெரியும். திட்டணும்னு நினைக்கிறவங்க வரிசையில வரவும் :-)) கச்சிராயபாளையத்துல இருந்து வடக்கனந்தல் வர்ற ரோட்டுல, கரும்பு லோடு டிராக்டர் ஒண்ணு பின்னாடி சிவப்பு லைட் எதுவும் இல்லாம இருட்டுல நின்னுட்டு இருந்தது. கடைசி நொடியில வண்டியை ஒடிச்சேன். சறுக்கி விழுந்ததுல பின்மண்டை தார்ல மோதிச்சு. பெருசா ரத்தம்கூட வரல. ஒரு அஞ்சு நிமிஷம் நினைவில்லாம கிடந்தேனாம்.

இது நடந்து எட்டு மாசம் ஆச்சு. சிடி ஸ்கேன் எடுத்தாங்க. "எல்லாம் நார்மல், கும்பிட்டுக்கோங்க"ன்னு மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. சொந்தக்காரங்க ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து பார்த்துட்டுப் போனாங்க. ஆச்சா? கதை முடிஞ்சதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும்தான்.

பத்தாம் நாள் உரக்கடைக்கு வேலைக்குப் போனேன். கணக்கு எழுதுறது என் வேலை. நாலு வரி கூட்டுறதுக்குள்ள மூணாவது வரி மறந்து போகுது. மத்தியானம் ஆனா நெத்தியில ஆணி அடிச்ச மாதிரி வலி. டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்துது. படுக்கையில புரண்டா வீடே சுத்துது. ரசத்துல பெருங்காயம் போட்டாங்களா இல்லையான்னே தெரியல, வாசனை போயே போச்சு. எல்லாத்தையும் விட மோசம் கோபம். பையன் ஸ்பூனைக் கீழே போட்டான்னு கத்தினேன் பாருங்க, அவன் ரெண்டு நாள் என் பக்கத்துலயே வரல.

இதை யார்கிட்ட சொன்னாலும் ஒரே பதில்தான். "ஸ்கேன்தான் நார்மல்னு வந்துருச்சே?" முதலாளி வாய்விட்டுச் சொல்லல, ஆனா பார்வை சொல்லுச்சு. பெரியம்மா மட்டும்தான் நம்பினாங்க. "பயந்த கோளாறுடா தம்பி, மந்திரிச்சா சரியாயிடும்"னு. சிரிக்காதீங்க. எனக்கு ஏதோ இருக்குன்னு ஒத்துக்கிட்ட முதல் ஆள் அவங்கதான்.

அப்புறம் பெரிய ஊர்ல ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட போனப்பதான் விஷயம் புரிஞ்சது. மண்டைக்குள்ள மூளை, சட்டியில தயிர் மாதிரின்னு வச்சுக்கோங்க. சட்டி விரிசல் விட்டிருக்கா, ரத்தம் கசிஞ்சிருக்கான்னு சிடி ஸ்கேன் காட்டும். சட்டி உடையாமலே தயிர் கலங்கிப் போச்சுன்னா அதைக் காட்டாது. பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு வாரத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள இது தானா தெளிஞ்சிரும். சிலருக்கு இழுக்கும். அந்தச் சிலர்ல நான் ஒருத்தன். அவ்வளவுதான். இதை முதல் நாளே யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா, பைத்தியம் பிடிக்குதோன்னு பயந்து நான் ராத்திரி முழிச்சுக் கிடந்திருக்க மாட்டேன்.

நம்ப மாட்டேங்கிறது நம்ம ஊரு வியாதி மட்டுமில்ல. 2020 டிசம்பர் 4, கான்பெரா டி20 ஞாபகம் இருக்கா? நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் டி20-ல அறிமுகமான அதே மேட்ச். ஸ்டார்க் போட்ட பந்து ஜடேஜா ஹெல்மெட்ல பட்டுச்சு. அவர் நின்னு ஆடி முடிச்சார். அப்புறம் அவருக்குப் பதிலா சாஹல் இறங்கி மூணு விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியா கோச் லேங்கர் மேட்ச் ரெஃப்ரிகிட்ட போய் வாக்குவாதம். "அடிபட்டவன் எப்படி ஆடினான்?"னு ஊரெல்லாம் பேச்சு. தலையில அடிபட்டா அறிகுறி சில மணி நேரம் கழிச்சும் வரலாம்ங்கிறதாலதான் 2019-ல ஐசிசி அந்த விதியையே கொண்டு வந்தது. கோடிப் பேர் பார்க்க பந்து மண்டையில பட்டவருக்கே இந்தக் கதின்னா, இருட்டுல தனியா விழுந்த எனக்கு?

நாரி கான்ட்ராக்டர் கதை வேற. 1962-ல பார்படாஸ்ல கிரிஃபித் பந்துல அவருக்கு மண்டையோடு உடைஞ்சது. ஃபிராங்க் வொரெல்கூட ரத்தம் குடுத்தார். பிற்பாடு நம்ம தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியிலதான் அவர் தலையில உலோகத் தகடு வச்சாங்க. அறுபது வருஷம் கழிச்சு, 2022-லதான் அதை எடுத்தாங்க. மறுபடி முதல்தர மேட்ச் ஆடினார், டெஸ்ட் மட்டும் ஆடவே இல்ல. அவர் பட்ட பாடு எனக்கு வேண்டாம் சாமி. ஆனா காட்டுறதுக்கு அவர்கிட்ட ஒரு தகடு இருந்துச்சு. என்கிட்ட இருக்கிறது "நார்மல்"னு எழுதின ஒரு பேப்பர்.

2021 டிசம்பர்ல தமிழக அரசு 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் ஆரம்பிச்சது. விபத்துல சிக்கினவங்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. நல்ல திட்டம், குறை சொல்ல மனசு வரல. 2022-ல கள்ளக்குறிச்சிக்கு மருத்துவக் கல்லூரியும் வந்தாச்சு. என் கேள்வி 49-வது மணி நேரத்தைப் பத்தினது. வீட்டுக்கு அனுப்பும்போது தமிழ்ல ஒரு அரைப் பக்கம் குடுக்கக் கூடாதா? தலைவலி, மறதி, எரிச்சல், தூக்கக்கேடு வரலாம், பயப்படாதீங்க. ஆனா வாந்தி நிக்காம வந்தா, வலி கூடிக்கிட்டே போனா, ஒரு பக்கம் கை கால் வலுவிழந்தா, ஆளு எழுப்ப எழுப்ப அசந்து போனா உடனே ஓடி வாங்க. வயசானவங்களுக்கு வாரக்கணக்குல கழிச்சுக்கூட மெதுவா ரத்தம் கட்டலாம், அவங்க தடுமாற்றத்தை வயசுக் கோளாறுன்னு விட்டுடாதீங்க. இவ்வளவுதானே? காலண்டர் அட்டையில அச்சடிக்கிற செலவுகூட ஆகாது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கிற 21 வகையில மூளைக்காயம்னு தனியா ஒண்ணு கிடையாது. அது பெரிய சண்டை, அதை வக்கீல்கள் போடட்டும். நான் கேட்கிறது அரைப் பக்கம்.

நான் எப்படிச் சமாளிக்கிறேன்? முதல்ல ஒரு தப்பு பண்ணினேன், இருட்டு ரூம்ல மூணு வாரம் படுத்துக் கிடந்தேன். அது இன்னும் மோசமாக்கிடுச்சு. முதல் ஒண்ணு ரெண்டு நாள் ஓய்வு போதும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வேலையைக் கூட்டணுமாம். இப்ப கடையில காலை ரெண்டு மணி நேரம், நடுவுல அரை மணி கண்ணை மூடி உட்காருறேன், மறுபடி ரெண்டு மணி நேரம். முதலாளி ஒத்துக்கிட்டார், சம்பளத்தையும் பாதியாக்கிட்டார் :-( தினமும் தலைவலி மாத்திரை போட்டா அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும்னு டாக்டர் மிரட்டினதால வாரத்துக்கு ரெண்டோட நிறுத்தியாச்சு. தலைசுத்தல்தான் ஆச்சரியம். காதுக்குள்ள இருக்கிற சுண்ணாம்புத் துகள் இடம் மாறினதால வந்ததாம். படுக்க வச்சு தலையை அப்படியும் இப்படியும் திருப்பினாங்க, ரெண்டே தடவையில போயிருச்சு. இதுக்கு நான் நாலு மாசம் சுவரைப் பிடிச்சு நடந்திருக்கேன்!

கோபத்துக்கு மருந்து கிடைக்கல. தலை கனக்க ஆரம்பிச்சா பையன்கிட்ட "அப்பாவுக்கு மண்டை சூடாயிருச்சு"ன்னு சொல்லிட்டு கோமுகி டேம் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்துடுறேன். அவனும் புரிஞ்சுக்கிட்டான். சில நாள் அவனே "போயிட்டு வாப்பா"ங்கிறான்.

வாசனை இன்னும் வரல. போன வாரம் காபித்தூள் டப்பாவைத் திறந்தப்ப லேசா ஏதோ வந்த மாதிரி இருந்துச்சு. வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லிட்டு மறுபடி முகர்ந்து பார்த்தேன், ஒண்ணுமில்ல. டப்பாவை மட்டும் மேசையிலயே வச்சிருக்கேன்.