பழகப் பழக ஏஐ கற்பதில்லை

"கொஞ்ச நாள் பழகட்டும், அதுவே கற்றுக்கொள்ளும்." நமக்காகத் தானே வேலைகளைச் செய்யும் மென்பொருளான ஏஐ ஏஜென்டை வேலைக்கு எடுக்கும் அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. புதிதாகச் சேர்ந்த இளைஞர் மூன்று மாதத்தில் வேலையின் நெளிவுசுளிவுகளைப் பிடித்துக்கொள்வார் அல்லவா, அதே கணக்கில் ஏஜென்டையும் வைக்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. இதை நம்பிக் காத்திருப்பவர்களின் பணமும் உழைப்பும் வீணாகின்றன.

ஏஜென்டுக்குள் இருக்கும் மொழி மாதிரி தான் அறிந்ததையெல்லாம் பயிற்சியின்போது அறிந்தது. அந்த அறிவு கோடிக்கணக்கான எண்களாக உள்ளே பதிந்திருக்கிறது. நாம் பேசும்போது அந்த எண்களில் ஒன்றுகூட மாறுவதில்லை. திங்கட்கிழமை பலமுறை திருத்திச் சொன்ன பிழையைச் செவ்வாய்க்கிழமை புதிய உரையாடலில் அது மறுபடியும் செய்யக்கூடும். 'நினைவாற்றல்' என்ற பெயரில் வரும் வசதிகள் குறிப்பெழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை அந்தக் குறிப்பை மாதிரியிடம் மறுபடி படிக்கக் கொடுக்கின்றன. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால், "ரசீதில் வரியைத் தனியாகக் காட்டு" என்ற குறிப்பு கையில் இருப்பதும், ஆயிரம் ரசீதிலும் வரியைப் பிசகாமல் கணக்கிடுவதும் ஒன்றாகிவிடாது.

அப்படியானால் ஏஜென்ட் எதையுமே கற்க முடியாதா? முடியும். எங்கே, எப்படி என்பதை 2023 மே மாதம் வெளியான, வாயேஜர் என்ற ஏஜென்ட் பற்றிய ஆய்வு தெளிவாகக் காட்டியது. என்விடியா, கால்டெக் உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் ஜிபிடி-4 என்ற மொழி மாதிரியை மைன்கிராஃப்ட் விளையாட்டுக்குள் இறக்கிவிட்டார்கள். மரம் வெட்டு, மேசை செய், உலை அமை என்று அது தனக்குத்தானே வேலைகளை வகுத்துக்கொண்டது. ஒவ்வொரு வேலைக்கும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு நிரல் எழுதியது. நிரல் விளையாட்டுக்குள் ஓடியது. பிழை வந்தால் பிழைச் செய்தி திரும்பிவந்தது. மாதிரி திருத்தி எழுதியது. வேலை உண்மையிலேயே முடிந்ததா என்று தனியாக ஒரு சோதனையும் நடந்தது. அதில் தேறிய நிரல் மட்டுமே, என்ன செய்யும் என்ற விளக்கத்தோடு, திறன் நூலகத்துக்குள் போனது. அடுத்த வேலை வந்ததும் அதற்குப் பொருத்தமான பழைய நிரல்கள் நூலகத்திலிருந்து வெளியே வந்தன. சிறு நிரல்களை அடுக்கிப் பெரிய நிரல் எழுந்தது.

இத்தனைக்கும் ஜிபிடி-4இன் உள்ளே எதுவும் மாறவில்லை. முன்பிருந்த முறைகளைவிட வாயேஜர் 3.3 மடங்கு அதிகமான பொருள்களைக் கண்டடைந்தது. சரிபார்க்கும் படியை நீக்கிப் பார்த்தபோது அந்த எண்ணிக்கை 73 சதவீதம் சரிந்தது. இதைவிடவும் முக்கியமான சோதனை ஒன்று உண்டு. புத்தம்புதிய உலகில், வெறும் கையோடு, முன்பு செய்திராத நான்கு வேலைகளைக் கொடுத்தார்கள். ஆட்டோஜிபிடி என்ற மற்றொரு ஏஜென்ட் ஒன்றையும் முடிக்கவில்லை. வாயேஜரின் நூலகத்தை அதன் கையில் கொடுத்ததும் அதுவே சில வேலைகளை முடித்தது. ஒருவர் சேர்த்த திறனை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது என்றால், அந்தத் திறன் எங்கே இருந்தது? கோப்பில் இருந்தது.

"இதெல்லாம் தற்காலிக ஒட்டுவேலை, அடுத்த பெரிய மாதிரி வந்தால் நூலகமே தேவைப்படாது" என்பது இன்னொரு வாதம். மாதிரியின் தரம் முக்கியம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அதே ஆய்வில் நிரலெழுதும் வேலையை ஜிபிடி-3.5இடம் கொடுத்தபோது விளைவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஜிபிடி-4ஐயே வைத்துக்கொண்டு நூலகத்தை மட்டும் எடுத்துவிட்டபோதும் ஏஜென்ட் பிற்பகுதியில் முன்னேற முடியாமல் தேங்கி நின்றது. போதாததற்கு, அந்த வலிமையான மாதிரி அப்போது விளையாட்டிலேயே இல்லாத செம்பு வாளைச் செய்யச் சொன்னது. கல்லை எரிபொருளாக உலையில் போடப் பார்த்தது. விளையாட்டு அதற்கு இடம்தரவில்லை, பிழை வெளிப்பட்டது. ஓட்டிப் பார்த்தால்தான் இது தெரியும்.

திறனைக் கோப்பில் வைப்பதன் பயனுக்கு நம் மொழியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 'தமிழ்நாடு' என்ற சொல்லில் ஐந்து எழுத்துகள். யுனிகோடில் அதற்கு ஒன்பது குறியீடுகள். புள்ளியும் துணைக்குறிகளும் தனித்தனியாகப் பதிவாகின்றன. மொழி மாதிரியோ எழுத்தாகப் பார்ப்பதில்லை, தனக்கென வைத்திருக்கும் துண்டுகளாகப் பார்க்கிறது. எழுத்தை எண்ணச் சொன்னால் ஒரு நாள் சரியாகவும் ஒரு நாள் தவறாகவும் சொல்வதில் வியப்பில்லை. புள்ளியையும் துணைக்குறியையும் முந்தைய எழுத்தோடு சேர்த்து எண்ணும் பத்து வரி நிரலை ஏஜென்ட் ஒருமுறை எழுதிவைத்தால், அது இன்றும் நாளையும் ஒரே விடையைத் தரும். அந்த நிரலிலும் ஓட்டை உண்டு: 'ஸ்ரீ'யை இரண்டாக எண்ணிவிடும். ஆனால் இந்த ஓட்டையைக் கண்ணால் பார்க்க முடியும், ஒரு வரி சேர்த்து அடைக்க முடியும், அடைத்தது மறுபடி திறக்காமல் சோதனை வைக்க முடியும். மாதிரிக்குள் இருக்கும் பிழையை இப்படித் தொட வழியில்லை.

சோதித்த நிரலைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது ஒன்றும் நேற்று முளைத்த யோசனை இல்லை. 1949இல் கேம்பிரிட்ஜில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கு டேவிட் வீலரும் தோழர்களும் சரிபார்த்த துணைநிரல்களைக் காகித நாடாவில் துளையிட்டு நூலகமாகச் சேர்த்தார்கள். 1972இல் கலிஃபோர்னியாவின் ஷேக்கி ரோபோவுக்கு, வெற்றிபெற்ற திட்டங்களைப் பொதுமைப்படுத்திச் சேமித்து மறுபடி பயன்படுத்தும் முறையை வகுத்தார்கள். இன்று ஏஐ நிறுவனங்களே இதே வழிக்கு வந்துவிட்டன. ஆந்த்ரோபிக் 2025 அக்டோபரில் அறிமுகப்படுத்திய 'ஸ்கில்ஸ்' என்பது, செய்முறை விளக்கமும் நிரல்களும் அடங்கிய சாதாரணக் கோப்புறைதான்.

திறன் கோப்பாக இருப்பதில் ஆபத்தும் இருக்கிறது. முகம் தெரியாதவர் எழுதிய நிரலை ஏஜென்ட் ஓட்டினால், அது கடவுச்சொல்லைத் திருடி வெளியே அனுப்பலாம். ஆகவே இறக்கிக்கொள்ளும் ஒவ்வொரு கோப்பையும் நிரல் தெரிந்த ஒருவர் படித்தாக வேண்டும். படிக்க முடிகிறது என்பதே இந்த முறையின் பெரும் பலம்.

வங்கியிலும் மருத்துவமனையிலும் அரசு அலுவலகத்திலும் ஏஜென்டுகள் நுழைந்துகொண்டிருக்கும் காலம் இது. அங்கே நடக்கும் பிழை ஒருவரின் ஓய்வூதியத்தை நிறுத்தலாம், மருந்தின் அளவை மாற்றலாம். எனவே, "எங்கள் ஏஜென்ட் பழகப் பழகக் கற்கும்" என்று விற்க வருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கற்றது எந்தக் கோப்பில் இருக்கிறது? அதைச் சோதித்தவர் யார்? தவறு நேர்ந்தால் எந்த வரியைத் திருத்துவீர்கள்? பதில் இல்லையென்றால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.