சரியான முடிவு எடுத்தவர்களுக்கு

"சரியான நேரத்தில் சரியான முடிவு எடுத்தேன். அதனால்தான் இன்று இந்த இடத்தில் நிற்கிறேன்." இந்த வசனத்தை நாங்கள் எத்தனை மண்டபங்களில் கேட்டுவிட்டோம்! பொங்கல் விழா, கலைவிழா, யாரோ ஒருவருடைய வீடு குடிபூரல், எங்கும் இதே பேச்சுத்தான். நாங்கள் இதைக் கதிரையில் இருந்து கேட்பதில்லை. மண்டபத்தின் பின்பக்கம் வேனில் இருந்து சோற்றுத் தட்டுகளை இறக்கிக்கொண்டே கேட்கிறோம். பேச்சு முடிவதற்குள் சாம்பார் கொதிநிலையில் இருக்கவேண்டும் என்பது எங்களுக்கு இடப்பட்ட கட்டளை.

நாங்கள் நான்கு பேர். ரெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரத்தில், ஹில்க்ரொப்ட் வீதியைச் சுற்றியுள்ள பகுதிக்கு 2010 இல் மகாத்மா காந்தி மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள். புடவைக்கடை, நகைக்கடை, பலசரக்குக்கடை, இனிப்புக்கடை என்று வரிசையாக இருக்கும். முன்பக்கம் இந்தியா. பின்பக்கம், குசினிக் கதவைத் திறந்தால், ஹொண்டூராஸ், குவாத்தமாலா, மெக்சிக்கோ, நாங்கள். எல்லோருக்கும் முப்பது கடந்துவிட்டது. தொடங்கிய படிப்பை எங்களில் ஒருவரும் முடிக்கவில்லை. தெருப்பலகையில் காந்தி இருக்கிறார், அதன் கீழே நாங்கள் குப்பை கொட்டப் போகிறோம்.

நாங்களும் முடிவு எடுத்தவர்கள்தான். அவற்றில் ஒன்றைச் சொல்கிறோம், மேடையில் இருப்பவர்கள் தங்களுடையதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

2012 நவம்பர் 27 இரவு யாழ். பல்கலைக்கழக விடுதிக்குள் இராணுவம் புகுந்ததும், மறுநாள் ஆர்ப்பாட்டம் செய்த மாணவர்கள் அடிக்கப்பட்டதும், பின்னர் நான்கு மாணவர்கள் பிடிக்கப்பட்டு வெலிக்கந்தைக்கு அனுப்பப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவையே. எங்களில் ஒருவன் அன்று பின்னேரம் விடுதிக்குப் போகப் புறப்பட்டவன். நண்பன் ஒருவனிடம் பாடக்குறிப்பு வாங்கவேண்டும். வழியில் கொக்குவிலில் மாமி வீட்டில் சைக்கிளை நிறுத்தினான். "புட்டு அவிக்கிறன், நிண்டு சாப்பிட்டிட்டுப் போவன்" என்றா மாமி. நின்றான். சாப்பிட்டான். இருட்டிவிட்டது என்று அங்கேயே படுத்துவிட்டான். அன்று தப்பினான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு விசாரிக்க வந்தவர்கள் கேட்ட முதற் கேள்வி: வழமையாகப் போகிறவன் அன்றைக்கு மட்டும் ஏன் போகவில்லை? முன்னமே தெரியுமா? யார் சொன்னது? புட்டு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவனுடைய அம்மா சொல்லிப் பார்த்தா, சிரித்தார்களாம். அடுத்தமுறை அவர்கள் வருமுன் அவன் கொழும்பு லொட்ஜில். பிறகு ஏஜென்சி, பிறகு பல நாடுகள், பிறகு இந்தக் குசினி. ஒரே புட்டுத்தான் அவனைக் காப்பாற்றியது, அதே புட்டுத்தான் அவனைத் துரத்தியது. இதில் எது சரியான முடிவு, எது பிழையான முடிவு? மேடைப் பேச்சாளர்கள் தயவுசெய்து விளக்கவேண்டும்.

இன்னொருவனுக்கு முடிவெடுக்கும் சிரமம்கூட இருக்கவில்லை. 2010 ஆகஸ்ட்டில் 492 பேரோடு கனடாக் கரைக்கு வந்த 'சன் சீ' கப்பலில் அவனும் ஏறியிருக்கவேண்டியவன். காணி ஈடுவைத்த காசு இரண்டு நாள் பிந்திவிட்டது. அந்தக் கப்பலில் வந்தவர்கள் தடுப்பில் கிடந்து, வழக்காடி அலைந்தார்கள், உண்மை. ஆனால் அவர்களில் பலருக்குத் தஞ்சம் கிடைத்தது. இவன் இங்கே வெங்காயம் உரிக்கிறான். இரண்டு நாள்!

தற்செயல் என்ற சொல்லுக்கு எந்த அலுவலகத்திலும் இடமில்லை. அகதி என்பவனுக்கு ஐந்து காரணங்கள்தான் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன: இனம், மதம், நாட்டினம், சமூகக்குழு, அரசியற் கருத்து. அவனை அடித்தவன் இந்த ஐந்தில் ஒன்றுக்காகத்தான் அடித்தான் என்று அடிவாங்கியவன் காட்டவேண்டும். 2005 இல் இந்த நாட்டில் வந்த சட்டத்தின்படி, வழக்கின் மையத்தோடு சம்பந்தமில்லாத ஒரு சின்ன முரண்பாட்டை வைத்தும் ஒருவனை நம்பத்தகாதவன் என்று தீர்க்கலாம். பஸ் சிவப்பா நீலமா என்று தடுமாறினாலே போதும்.

2017 இல் ஒரு ஈழத்தமிழ் விவசாயி மெக்சிக்கோ எல்லையைக் கடந்து 25 யார் தூரத்தில் பிடிபட்டார். வானில் கடத்தப்பட்டு அடிக்கப்பட்டதாகச் சொன்னார். அதிகாரி அதை நம்பினார். ஆனால் யார் அடித்தது, ஏன் அடித்தது என்று அந்த மனிதரால் சொல்ல முடியவில்லை. வெள்ளை வானில் ஏற்றியவன் எந்த ஊரில் காரணம் சொல்லி அடித்தான்? வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2020 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், தஞ்சம் மறுக்கப்பட்டதை நீதிமன்றத்தில் மீளாய்வு செய்விக்க அவருக்கு உரிமையில்லை என்று தீர்ப்பு வந்தது.

நாங்கள் வெள்ளைக்காரனின் சட்டத்தைத் திட்டுவதற்காக மட்டும் இதை எழுதவில்லை. அதைத் திட்டுவது சுகமான காரியம், எல்லோரும் செய்வார்கள். எங்கள் சண்டை எங்கள் ஆட்களோடு.

பலகையில் தொங்கும் காந்தியையே எடுப்போம். பீற்றர்மரிட்ஸ்பேர்க்கில் ரயிலில் இருந்து தள்ளப்பட்ட கதையைப் பிள்ளைகளுக்கு நாடகமாகப் போடுகிறார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1894 இல் நடந்ததை யாரும் நடிப்பதில்லை, நடிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. ஒப்பந்த வேலை முடிந்து ஊருக்குத் திரும்ப இருந்தவருக்கு டர்பனில் பிரியாவிடை விருந்து. அங்கே கிடந்த பத்திரிகையைப் புரட்டியபோது, ஒரு மூலையில் இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டம் பற்றிய சின்னச் செய்தி. 'ஒரு மாதம் நின்றுவிட்டுப் போங்கள்' என்றார்கள் விருந்துக்கு வந்தவர்கள். சரி என்றார். அந்த ஒரு மாதம், இடையிடையே ஊர் போய்வந்தாலும், 1914 வரை நீண்டது. சில மாதத்தில் அவருடைய அலுவலக வாசலில் கிழிந்த உடுப்போடும் உடைந்த முன்பற்களோடும் ஒரு தமிழ்க் கூலி அழுதுகொண்டு நின்றான். பாலசுந்தரம். அடித்தது எசமான். அவனுடைய மொழியைப் புரிந்துகொள்ள அங்கே ஒரு தமிழ் எழுதுவினைஞர் இருந்தார். கப்பல் அந்த மாதமே போயிருந்தால் பாலசுந்தரம் பூட்டிய கதவைத்தான் தட்டியிருப்பான்.

ஆனால் கவனியுங்கள், பத்திரிகை மூலை மட்டும் காந்தியை நிறுத்திவைக்கவில்லை. நில்லுங்கள் என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள். அவர் அங்கேயே இருந்து தொழில் செய்வதற்காகச் சுமார் இருபது வியாபாரிகள் ஒரு வருடத்துச் சட்டவேலையை முற்பணத்தோடு கொடுத்தார்கள். ஒருவர் வீட்டுத் தளபாடம் வாங்கிக் கொடுத்தார். இதையெல்லாம் கழித்துவிட்டு 'முடிவெடுத்தார்' என்று சொல்வது பொய். மேடையில் நிற்பவர்களும் கழித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். விமானச்சீட்டுக்கு நகை கழற்றிய அக்கா, முதல் மூன்று மாதம் சோபாவில் படுக்கவிட்ட நண்பன், விசாக் கந்தோரில் அன்று நல்ல மனநிலையில் இருந்த யாரோ ஒரு பெண். இவர்களில் ஒருவரையாவது பேச்சில் கேட்டதுண்டா?

2019 இல் இருபத்தொரு வயதுப் பொடியன் ஒருவன் ரெக்ஸாஸ் தடுப்பு முகாமொன்றில் கிடந்தான். வெளியே விட ஒரு முகவரியும், இந்த நாட்டில் சட்டப்படி இருக்கும் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். எங்கள் கையெழுத்து செல்லாது, எங்கள் வழக்குகளே தொங்குகின்றன. ஞாயிறு காலைகளில் தமிழ் வீடுகளாக ஏறி இறங்கினோம். ஐந்து வீடுகள். தேநீர் தந்தார்கள், குறை சொல்லக்கூடாது. "தம்பி, அவன் ஏன் அந்த வழியால வந்தவன்? யோசிச்சு முடிவெடுத்திருக்க வேணுமெல்லே?" ஐந்து வீட்டிலும் இதே கேள்வி. நாங்களும் யோக்கியர் இல்லை, தொலைபேசியில் முதல்நாள் அவனிடம் நாங்களும் இதைத்தான் கேட்டோம். அவன் சொன்ன பதில்: "அண்ணை, மற்ற பஸ்ஸில இடமிருக்கேல்லை."

கடைசியில் எங்கள் குசினியில் கோப்பை கழுவும் ஹொண்டூராஸ்காரனின் தமக்கை கையெழுத்து வைத்தா. குடியுரிமை பெற்றவ, இரண்டு வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறவ. எந்த வழியால் வந்தான் என்று கேட்கவில்லை. பெயரை எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டா. எழுத்தெழுத்தாகச் சொன்னோம், நீளம் என்று சிரித்துக்கொண்டே எழுதினா.

இப்படி இன்னும் கடிதங்கள் வருகின்றன. அடுத்த பொங்கலுக்கும் சாம்பார் எங்களுடையதுதான். மேடையில் ஏறுகிறவரிடம் பேச்சுக்கு முன்பு பேனையோடு வருவோம்.